பாயிரம் இல்லாத வழிநூல்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து உருக்காலைகளில் பழைய இரும்பு உலையில் உருகிப் பில்லெட்டாகி, செக்கச்சிவந்த நிலையில் ரோலிங் மில்லின் உருளைகளுக்கிடையே நுழைந்து நெளிந்தோடி, இறுதியில் டி.எம்.டி. கம்பியாக வெளிப்படும்போது, கடைசி உருளையில் வெட்டி வைத்திருக்கும் எழுத்துக்கள் அந்தக் கம்பியின் உடலிலேயே மேடாகப் பதிந்துவிடுகின்றன. கம்பி இன்னாருடையது, இன்ன தரத்தது என்று கண்டுகொள்ளும்படி குறியிட்டாக வேண்டும் என்பது ஐ.எஸ். 1786 என்னும் இந்தியத் தரநிர்ணயத்தின் விதி. கட்டுக்கட்டாக லாரியில் ஏறும்போது அதில் தொங்கும் சீட்டில், எந்த வார்ப்பில் பிறந்தது என்பதற்கான எண்ணும் இருக்கும். ஆலைக்காரர்கள் அதை ‘ஹீட் நம்பர்’ என்பார்கள். நாளை ஏதோ ஒரு கட்டடத்தில் கம்பி பழுதென்று புகார் வந்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சோதனைச் சான்றிதழ் வரையில், உலை வரையில் பின்னோக்கிப் போய்விடலாம்.

அதே ஆலையின் ஆபீஸ் அறைக்குள் நுழைந்து, கொள்முதல், இருப்பு, சம்பளம், ஜி.எஸ்.டி. பில் முதலிய சகல காரியங்களையும் நடத்திக்கொடுக்கும் கணினித் திரையைப் பார்த்து, ‘இது யார் செய்தது?’ என்று கேட்டால் இத்தனை தெளிவான விடை கிடைப்பதில்லை. சப்ளை செய்தவரின் சின்னம் பெரிதாகப் பளிச்சிடும். ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்ற வாசகமும் இருக்கும். திருவள்ளூர் வட்டாரத்தில் நாமறிந்த ஒரு சிறு தொழிற்சாலையில் இப்படிப்பட்ட சொந்தத் தயாரிப்பு ஒன்று, பில் போடும் வேளையில் ஒரு நாள் பிழைபட்டு நின்று, பிழைச் செய்தியாகத் தன் குடல் முழுவதையும் திரையில் விரித்துவிட்டது. அதில் வரிசையாகத் தெரிந்த கோப்புப் பாதைகளிலெல்லாம் ‘ஃப்ராப்பே’ என்றும் ‘இ.ஆர்.பி.நெக்ஸ்ட்’ என்றும் எழுதியிருந்தது. மும்பையிலுள்ள ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கி, உலகமெங்கும் உள்ள நிரலாளர் பலர் திருத்தியும் கூட்டியும் வளர்த்து, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் மென்பொருள் அது. முகப்பில் பெயரை அழித்தவர் உள்ளே அழிக்க மறந்துவிட்டார். அல்லது அழித்தால் ஓடாது என்று விட்டுவைத்தார்.

எடுத்துக்கொண்டதில் குற்றமில்லை. அதை வைத்துக் காசு சம்பாதித்ததிலும் குற்றமில்லை. கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள் வியாபாரத்தை ஒருபோதும் தடுப்பதில்லை. ஆனால் இ.ஆர்.பி.நெக்ஸ்டின் உரிமமாகிய ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு சில நிபந்தனைகளை விதிக்கிறது. மூலத்திலுள்ள பதிப்புரிமைக் குறிப்புக்களைக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும். மாற்றியிருந்தால், மாற்றினேன் என்பதையும் மாற்றிய தேதியையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மென்பொருளை வாங்குபவருக்கு அதன் மூலநிரலையும், அதைத் தாமே திருத்திக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். சப்ளையர் தம்முடைய சர்வரிலேயே வைத்து இணையவழியாக மட்டும் உபயோகிக்க விட்டால் மூலநிரலைக் கொடுக்கும் கடமை இந்த உரிமத்தின்படி எழாது. அந்த இடைவெளியை அடைக்கவே ஏ.ஜி.பி.எல். என்ற இன்னோர் உரிமம் பிறந்தது. ஆலையின் ஆபீஸிலேயே சர்வரை நிறுவிப் பணம் பெற்றுக்கொண்டாலோ, கடமை அந்தக் கணமே எழுந்துவிடுகிறது. எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி முதலிய தாராளமான உரிமங்கள் மூலநிரலைக் கேட்பதுகூட இல்லை. அவை முக்கியமாகக் கேட்கும் விலை, ஆசிரியர் பெயரையும் உரிமத்தின் வாசகத்தையும் அழிக்காமல் உடன் வைத்திருப்பதே. அந்த விலையையும் கொடுக்க மனமில்லாதவரைப் பற்றியதே இக்கட்டுரை.

பிறருடைய வரைபடத்தை வைத்துத் தொழில் செய்வது இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. 1955-ல் இங்கிலாந்திலுள்ள ரெடிட்ச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டு திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைக் கட்டத் தொடங்கியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, பின்னர் அவற்றை வார்க்கும் கருவிகளே வந்து சேர்ந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, விக்கர்ஸ் கம்பெனியின் வடிவமைப்பை உரிமம் பெற்று, 1965 டிசம்பரில் விஜயந்தா டாங்கியை வெளியே கொண்டுவந்தது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் லான்சர் காரைச் செய்து, மிட்சுபிஷியின் மூன்று வைரச் சின்னத்தோடு விற்றது. இவற்றுள் எதுவும் தன் பிறப்பை மறைத்ததில்லை. விஜயந்தா விக்கர்ஸின் வம்சம் என்று சொன்னதால் ஆவடித் தொழிலாளியின் கைத்திறன் ஒரு குன்றிமணி அளவும் குறைந்துவிடவில்லை. புல்லட்டின் கதையோ இன்னும் விசேஷமானது: தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் 1970 வாக்கில் அஸ்தமித்துப்போக, கிளையாகப் பிரிந்த திருவொற்றியூர்த் தொழிற்சாலைதான் அந்தப் பரம்பரையைக் காப்பாற்றிற்று. இன்று உலகம் ராயல் என்ஃபீல்டு என்றால் சென்னையைத்தான் நினைக்கிறது. மூலத்தின் பெயரைச் சுமந்ததே அந்தக் கிளைக்கு மூலதனமாயிற்று.

மென்பொருள் உலகத்தில் கிளை பிரிப்பதை ‘ஃபோர்க்’ என்கிறார்கள். ஒரு திட்டத்தின் மூலநிரலை அப்படியே பிரதி எடுத்து, அன்றுமுதல் தனிவழியில் அதை நடத்திச் செல்வது. தமிழிலக்கண மரபு இதற்கு சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஒழுங்கு செய்து வைத்திருக்கிறது என்று சொன்னால் நிரலாளர்கள் சிரிக்கலாம். ஆயினும் உண்மை அதுவே. நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பகுக்கும் நன்னூல், முதல்நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, பின்னோன் வேண்டும் விகற்பங்களைக் கூட்டிச் செய்வதை வழிநூல் என்கிறது. ஃபோர்க்குக்கு இதைவிடச் செவ்வையான இலக்கணம் எந்த உரிமப் பத்திரத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. அம்மட்டோ? எவ்வளவு அகன்று விரிந்த நூலானாலும் பாயிரம் இன்றேல் அது நூலாகாது என்று நன்னூலாசிரியர் பவணந்தியார் தீர்த்துரைக்கிறார். அந்தச் சிறப்புப் பாயிரத்தில் சொல்லியாக வேண்டிய செய்திகளை வரிசைப்படுத்தும்போது ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாகவே அவர் வைப்பது வழி, அதாவது இந்நூல் எந்த நூலின் வழியாக வந்தது என்னும் செய்தி. வழியைச் சொல்வது வழிநூலுக்கு இழுக்கு என்று அந்தப் புலவர்கள் கருதவில்லை; அதைச் சொல்லாத நூலைச் சபையேற்றவே அவர்கள் ஒப்பவில்லை. சென்ற நூற்றாண்டில் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புக்களின் முகவுரையில், ஏட்டுப்பிரதி தந்து உதவியவர்களை ஊரும் பேருமாகக் குறித்து வைத்ததும் இந்த மரபின் தொடர்ச்சிதான்.

இந்த அளவுகோலை நம் காலத்துச் சுதேசி மென்பொருள்கள்மீது வைத்துப் பார்க்கலாம். சென்னை ஸி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளம் டெபியன் லினக்ஸின் வழிவந்தது. அந்த வழியை அது என்றும் ஒளித்ததில்லை. 2023-ல் ஸோஹோ வெளியிட்ட ‘உலா’ உலவி குரோமியத்தின்மேல் கட்டப்பட்டது. நிறுவனமே அதைச் சொல்கிறது. அதே 2023-ன் ஜனவரியில், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஜாண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற நிறுவனத்தின் ‘பாரோஸ்’ என்னும் கைபேசி இயங்குதளம் சுதேசித் தயாரிப்பு என்ற பிரகடனத்தோடு அறிமுகமாகி, மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அசுவினி வைஷ்ணவும் அதைச் சோதித்துப் பார்க்கும் காட்சியும் பத்திரிகைகளில் வந்தது. சில நாட்களுக்குள், இது ஆண்ட்ராய்டின் திறந்த மூலத் திட்டத்திலிருந்து பிரிந்த கிளையன்றோ என்ற கேள்வி விஷயமறிந்தவர்களிடமிருந்து எழுந்தது. கிளைதான். ஆண்ட்ராய்டு மூலத்தின் பெரும்பகுதி அப்பாச்சி உரிமத்தின்கீழ் இருப்பதால் அப்படிப் பிரித்தெடுக்க எவருக்கும் பூரண உரிமை உண்டு. கூகுளின் செயலிகள் எவையும் முன்கூட்டியே திணிக்கப்படாத ஒரு கைபேசி என்பது மெச்சத்தக்க முயற்சியும் ஆகும். நம் ஆக்ஷேபம் உரிமமீறலைப் பற்றியதன்று, பாயிரத்தைப் பற்றியது. அறிவிப்பின் முதல் வரியிலேயே ‘ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தை எடுத்து, இன்னின்னவற்றை நீக்கி, இன்னின்னவற்றைச் சேர்த்தோம்’ என்று சொல்லியிருந்தால், செய்த வேலை எவ்வளவு என்பது துல்லியமாக விளங்கி, அதற்குரிய புகழும் சந்தேகமின்றிக் கிடைத்திருக்கும். பரிகாசத்துக்கும் இடமிருந்திராது.

இந்த நன்றியறிதல் எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்பதற்கு வேடிக்கையான ஓர் உதாரணம் நம் ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்கிறது. கே.டி.இ. என்ற தன்னார்வக் குழுவினர் 1990-களின் இறுதியில் கே.எச்.டி.எம்.எல். என்னும் பக்கக்காட்டி எந்திரத்தை எழுதினார்கள். ஆப்பிள் அதை எடுத்து 2003-ல் ஸஃபாரியை வெளியிட்டது. அந்தக் கிளைக்கு வெப்கிட் என்று பெயர். கூகுள் வெப்கிட்டை எடுத்துக் குரோமைச் செய்து, 2013-ல் அதிலிருந்தும் பிரிந்து பிளிங்க் என்று தனிக் கிளை கண்டது. முதல் கிளை பிரிந்த காலத்தில் கே.டி.இ. குழுவினர், ஆப்பிள் செய்த மாற்றங்கள் இன்னது ஏன் மாறிற்று என்று விளங்காத மூட்டைகளாகவே திரும்பி வருகின்றன என்று மனங்கசந்து குறைகூறினர். உரிமத்தின் எழுத்து நிறைவேறியும் அதன் ஆவி நிறைவேறவில்லை என்பது அவர்கள் கட்சி. ஆனால் இன்று குரோமோ ஸஃபாரியோ ஒரு தளத்தைத் திறக்கும்போதெல்லாம் தன்னை இன்னான் என்று அறிவித்துக்கொள்ளும் குறிப்பு வரியில், கே.எச்.டி.எம்.எல். என்ற பெயர் இன்னமும் நின்று ஒலிக்கிறது. கே.டி.இ. குழுவினரே அந்த எந்திரத்தைக் கைவிட்ட பின்னும் அது போகவில்லை. பழைய தளங்கள் குழம்பாமலிருக்கச் செய்த ஏற்பாடுதான் அது, பக்தியினால் அன்று. எப்படியோ பெயர் நிலைத்துவிட்டது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? அமெரிக்காவில் பொம்மை ரயில் ஓட்டும் ஓர் அன்பர், தம்மையொத்த ஆர்வலர்களுடன் சேர்ந்து எழுதிய மென்பொருளை ‘ஆர்டிஸ்டிக்’ உரிமத்தின்கீழ் இலவசமாக வெளியிட்டிருந்தார். ஒரு கம்பெனி அதன் கோப்புக்களை எடுத்து, ஆசிரியர் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்கித் தன் சரக்கில் சேர்த்துவிட்டது. இலவசமாகக் கொடுத்ததில் நஷ்டம் ஏது என்பது எதிர்வழக்காடியவர் வாதம். ஜேகப்ஸன் எதிர் காட்ஸர் என்ற அந்த வழக்கில் 2008 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், பணம் கைமாறவில்லை என்பதனால் பொருளாதாரப் பலன் இல்லையென்று ஆகாது, பெயரும் புகழும் திருத்தங்கள் திரும்பி வருவதுமே அந்த ஆசிரியர் பெறும் ஊதியம், ஆகவே உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமையையே மீறுவதாகும் என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது. பிரான்ஸில் ஆன்ட்ரூவேர் என்ற சிறிய நிறுவனத்தின் ‘லாஸோ’ என்னும் ஜி.பி.எல். மென்பொருளை, அரசாங்கத்துக்காகக் கட்டிய இணைவாசலில் நிபந்தனைகளை மீறி உபயோகித்ததற்காக, ஆரஞ்ச் என்ற மாபெரும் தொலைத்தொடர்புக் கம்பெனி 5 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-ல் தீர்ப்புக் கூறிற்று. வழக்கு பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறியோர் எல்லோருக்கும் அத்தகைய ஆயுசு வாய்ப்பதில்லை.

நம் நாட்டில் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை இலக்கியப் படைப்புக்களோடு சேர்த்தே எண்ணுகிறது. இலக்கணமும் சட்டமும் இந்த ஓரிடத்தில் கைகுலுக்குகின்றன. அச்சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பு என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை, பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும் ஆசிரியனிடமே விட்டுவைக்கிறது. டில்லி விஞ்ஞான பவனத்தின் சுவர்ச்சிற்பத்தைப் பெயர்த்தெடுத்துச் சிதைத்துவிட்ட மத்திய அரசின்மேல் சிற்பி அமர்நாத் ஸேகல் தொடுத்த வழக்கில் 2005-ல் டில்லி உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் இப்பிரிவின் பலத்தால்தான். தொழிற்சாலை முதலாளிகள் கவனிக்க வேண்டிய பிரிவு இன்னொன்று: உரிமைமீறிய பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் உபயோகிப்பவருக்கும் 7 நாள் முதல் 3 ஆண்டு வரையில் சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரையில் அபராதமும் 63-பி பிரிவில் உண்டு. விற்றவர் மட்டும் பொறுப்பாளி, நாம் வாங்கியவர்தாமே என்று ஒதுங்கிவிட முடியாது.

கம்பி வியாபாரத்தில் போலி என்றால் எல்லோருக்கும் புரிகிறது. தன் மட்டக் கம்பியில் பிரபல ஆலையின் பெயரைப் பொறிப்பவனைப் போலீஸார் பிடிக்கிறார்கள்; பத்திரிகையில் செய்தி வருகிறது. இதற்கு நேர் எதிரான ஒரு தவறு உண்டு: இன்னொருவனுடைய நல்ல கம்பியில் அவன் பெயரைச் சீவியெறிந்துவிட்டுத் தன் பெயரைப் பொறிப்பது. முந்தியது பிறன் புகழைத் திருடுகிறது, பிந்தியது பிறன் உழைப்பைத் திருடுகிறது. திறந்த மூல உரிமங்கள் சில இவ்விரண்டையுமே தடுக்கின்றன. அப்பாச்சி உரிமம், நிரலை எடுத்துக்கொள், ஆசிரியர் குறிப்பை வைத்திரு, ஆனால் எங்கள் வணிகப் பெயரையும் சின்னத்தையும் உன் சரக்குக்குச் சூட்டிக்கொள்ள அனுமதியில்லை என்று ஒரே மூச்சில் சொல்கிறது. அதாவது மேலே உன் பெயர், உள்ளே எங்கள் பெயர். இந்தப் பங்கீட்டைவிட நியாயமானது வேறில்லை. ஆயினும் நம் சமூகம் முந்திய தவறை மோசடி என்றும், பிந்தியதைச் சாமர்த்தியம் என்றும் அழைக்கப் பழகிவிட்டது.

பெயர் மறைப்பதில் தர்மவிசாரம் ஒரு புறமிருக்க, நடைமுறை அபாயமும் உண்டு. 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்னும் சின்னஞ்சிறு ஜாவா நூலகத்தில் ஒரு பெருந்துவாரம் இருப்பது வெளியாயிற்று. அப்பாச்சி குழுவினர் உடனே திருத்தம் வெளியிட்டார்கள். ஆனால் உலகமெங்கும் கம்பெனிகளை வாரக்கணக்கில் உறங்கவிடாமல் அடித்தது, அந்த நூலகம் தங்கள் மென்பொருள்களில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதே தெரியாத நிலைமைதான். வழியை அழித்துவிட்ட வழிநூலை வாங்கியவர், முதல்நூலில் வெளியாகும் பிழைதிருத்தம் தமக்கும் உரியது என்பதை எப்படி அறிவார்? மென்பொருளின் உட்பொருள்கள் யாவை, எந்தப் பதிப்பு, யாருடையது, எந்த உரிமம் என்று பட்டியலிடும் முறைக்கு 2024 அக்டோபரில், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் நம் செர்ட்-இன் அமைப்பு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்காரர் பாஷையில் சொன்னால், மென்பொருளுக்கும் ஹீட் நம்பர் வேண்டும் என்கிறது.

இங்கே அரசாங்கத்தின் பங்கையும் பேசாமல் விடுவதற்கில்லை. உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை அளிக்கும் 2017-ம் ஆண்டு ஆணையும் அதன் திருத்தங்களும், உள்நாட்டு உள்ளடக்கம் 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு என்றும், 20 சதவீதமிருந்தால் இரண்டாம் வகுப்பு என்றும் பகுத்திருக்கின்றன. பம்பு மோட்டாருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்ட லினக்ஸ் கருவை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் சில ஆயிரம் வரிகளை எழுதிய ஒருவரிடம் போய், இதில் உள்நாட்டுச் சதவீதம் எவ்வளவு என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வரியை எண்ணினால் தோற்பார். டெண்டரில் வெல்ல வேண்டுமானால் கீழுள்ள மூன்று கோடியையும் பற்றி வாய் திறக்காமலிருப்பதே வசதி என்ற முடிவுக்கு வருவது மனித சுபாவம். 2015-ல் திறந்த மூல மென்பொருளை அரசுத் துறைகள் ஏற்க வேண்டும் என்று கொள்கை வகுத்த அதே மத்திய அரசு, தன் டெண்டர் படிவத்தில் ‘மூலம் எது, மாற்றியது எது, மாற்றியவர் இந்த நாட்டவரா’ என்ற மூன்று கட்டங்களை வைத்து, இரண்டாவது கட்டத்திலுள்ள வேலைக்கே மதிப்பெண் போடுமானால், மறைப்பதற்குக் காரணமே இல்லாமற்போகும்.

மூலத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் நேரே அங்கேயே போய்விடமாட்டாரா என்று சிறு கம்பெனிக்காரர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் இயற்கையானது, ஆனால் ஆலைக்காரர் விலைகொடுப்பது நிரலுக்கன்று, பொன்னேரியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ மணிக்கணக்கில் வந்துசேர்ந்து, நின்றுபோன பில்லிங்கை ஓடவைக்கும் ஆளுக்கு. மூலத்தை வெளிப்படுத்துவதால் வியாபாரம் கெடுவதில்லை என்பதற்கு ஓர் உதாரணம்: லிங்க்ஸிஸ் கம்பெனியின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரில் லினக்ஸ் ஓடுவதை 2003-ல் சிலர் கண்டுபிடித்து, மூலநிரல் எங்கே என்று கேட்டபோது, கம்பெனி தடுமாறியது. சிப் செய்தவர் ஒருவர், நிரலைக் கோத்தவர் கடல்கடந்த இன்னொருவர், உரிமம் என்ன என்பது சங்கிலியில் ஒருவரும் கவனிக்காத விஷயம். கடைசியில் நிரலை வெளியிட்டார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு ஓபன்டபிள்யூ.ஆர்.டி. என்ற சுதந்திரத் திட்டம் எழுந்து, அந்த ரவுட்டருக்குக் கம்பெனியே கனவு காணாத உபயோகங்களையெல்லாம் கற்றுக்கொடுத்தது. பின்னாளில் லிங்க்ஸிஸ் அந்த ரவுட்டரின் புது வடிவங்களிலிருந்து லினக்ஸை எடுத்துவிட்டபோது, பழையதுதான் வேண்டும் என்று வாங்குவோர் கேட்டதனால், 2005-ல் எல் என்ற எழுத்தைப் பின்னால் சேர்த்து லினக்ஸுக்கென்றே ஒரு தனி மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது பத்தாண்டுக்கு மேல் விற்றது.